ஆல்டன்பரியில் பதினொன்றரை மணி

இரண்டு தலைகளும் ஈரமாக இருந்தன. காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசிக்கு ஜன்னல் வழியாக இங்கிலாந்தின் பச்சை வயல்களும் கல் வேலிகளும் செம்மறி ஆடுகளும் ஓடிக்கொண்டிருந்தாலும், கண் போனதெல்லாம் முன்சீட்டுத் தலைகளின் மேல்தான். ஒன்று மகள் சுடர்க்கொடியுடையது, இன்னொன்று மருமகன் தினகரனுடையது. வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாயும் இல்லை, இன்றைக்குப் புதன். வந்த மூன்று வாரத்தில் மகள் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் தலையில் தண்ணீர் ஊற்றி அவள் பார்க்கவில்லை, கேட்டால் சளி பிடிக்கும் என்பாள். கணவனும் மனைவியும் ஒரே காலையில் தலைக்குக் குளிப்பதற்குச் சில காரணங்கள்தான் உண்டு. அமாவாசையா என்று விரல் விட்டு எண்ணினாள், எட்டு நாள் இருந்தது. விரதம் கிரதம் இருக்கிற ஜாதியில்லை இரண்டும். இன்னொரு காரணம் உண்டு, அதை மாமியார் நினைக்கக் கூடாது, நினைத்தாலும் ராத்திரி இரண்டு பேரும் தனித்தனியாக லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள். மிச்சமிருக்கிற காரணம் ஒன்றுதான். அதன் பக்கத்தில் போய்விட்டு மனசு திரும்பி வந்தது. சாவுச் செய்தி கேட்டால் தலைக்குக் குளிப்பார்கள்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் தம்பி கனகவேல். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கிளம்பும் முன்னால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுக்காரர் சிதம்பரநாதன் நாலு தடவை சொன்னார். விருதுநகரிலிருந்து மதுரை ஒரு மணி நேரம். திரும்பி வந்து பார்த்துக்கிடலாம் என்றாள். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தம்பியை, பெட்டி கட்டுகிற அவசரத்தில் போய் எப்படிப் பார்ப்பது, முதல் வார்த்தை என்ன பேசுவது. அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைச் சொல்ல நேரம் வேண்டும், தைரியம் வேண்டும், பக்கத்தில் அவன் பொண்டாட்டி சந்தனம் இருக்கக் கூடாது. ஒன்றும் ஆகாது, அவன் திடமான ஆள். முன்சீட்டில் சுடர் கூந்தலை முன்னால் இழுத்துப் போட்டு ஹீட்டர் காற்றில் உலர்த்தினாள். "ஏன்டி இன்னைக்குத் தலைக்குக் குளிச்ச?" என்று கேட்டால் தீர்ந்தது. கேட்கவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் அவள். பத்திரம் பதிய வருகிறவர்களில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பதை வைத்தே ஆள்மாறாட்டத்தைப் பிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் பேர். அண்ணன் செத்துப்போன விஷயத்தை மறைத்து வேறு ஒருத்தனை அண்ணனாகக் கூட்டி வந்த ஆளை, அவன் அந்த 'அண்ண'னுக்கு டீ வாங்கிக் கொடுத்த மரியாதையை வைத்தே பிடித்தாள். கூடப் பிறந்தவனுக்கு எவன் அவ்வளவு பவ்யமாக டீ கொடுப்பான். இன்றைக்கு மகள் அப்படித்தான் இருக்கிறாள். காலையில் "தூங்குனியாம்மா" என்று கேட்டாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக. சமையலறை அலமாரியில் இருக்கிற சின்ன விளக்கை ஏற்றப் போனால், "இன்னைக்கு விளக்கு வேண்டாம்மா, புகை அலாரம் அடிச்சிரும்" என்றாள். இருபது நாளாக அடிக்காத அலாரம். தினகரன் வந்து, "அத்தை, உங்க போன்ல ஒரு அப்டேட் போடணும், வீட்லயே சார்ஜ்ல இருக்கட்டும்" என்று வாங்கிப் போய்விட்டார். எட்டு மணிக்கு வர வேண்டிய சிதம்பரநாதனின் அழைப்பு வரவில்லை. அவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டே கூப்பிடுகிற நேரம் அது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால் கூப்பிடாமல் இருக்கிறார். அல்லது அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதோ. இல்லை, அவருக்கு என்றால் இந்நேரம் விமான நிலையத்தில் நிற்போம், சந்தை பார்க்கக் கூட்டிப் போக மாட்டார்கள். நான் போய்ப் பிரயோஜனமில்லை என்று இவர்களாக யார் விஷயத்தில் முடிவு பண்ணினார்களோ, அந்த ஆள்தான். எவ்வளவு சுருக்காகக் கணக்குப் போடுகிறது இந்தப் பாழும் மூளை என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அம்மா, ஊர் வந்துருச்சு. எழுநூறு வருஷமா இங்க புதன்கிழமைச் சந்தை நடக்குதாம்" என்றாள் சுடர். ஆல்டன்பரி. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன, சிலதின் கூரை நடுவில் குழி விழுந்திருந்தது. சந்தைத் திடலில் கோடு போட்ட துணிக்கூரைகளின் கீழே முட்டைக்கோஸ், தேன் பாட்டில், சோப்பு, பின்னல் தொப்பி. சத்தமே இல்லை. விருதுநகர் பஜாரில் வத்தல் மூட்டை இறக்கினால் தெருவே தும்மும், கூவுகிறவன் தொண்டை கிழியும். இங்கே ஆளுக்கு ஆள் காதில் ரகசியம் சொல்வது போலக் காய் வாங்குகிறார்கள், இதுவும் ஒரு சந்தையா, எதையோ மறைக்கிற மாதிரி. பாலாடைக்கட்டிக் கடைக்காரம்மா கன்னம் சிவக்கச் சிரித்து, ஒரு துண்டைக் குச்சியில் குத்தி அவளிடம் நீட்டினாள். "சும்மாதான் குடுக்குறாங்க, சாப்பிட்டுப் பாரும்மா" என்றாள் மகள். "வேண்டாம்." "காலையில இட்லியும் சரியாச் சாப்பிடல. ஒரு வாய் சாப்பிடேன்." அங்கேதான் மங்கையர்க்கரசிக்குப் பிடிபட்டது. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் சாப்பிட வைப்பார்கள். சொன்னால் அப்புறம் சாப்பிட மாட்டார்கள் என்று, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கோ என்பார்கள். அவளே அப்படிச் செய்திருக்கிறாள், சிதம்பரநாதனின் அப்பா போன அன்றைக்கு. அவர் மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் சொன்னாள். குச்சியில் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தாள். நான் சாப்பிடாதவரை இவள் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது. "எனக்குப் பசிக்கல" என்றாள். கடைக்காரம்மா சிரிப்பு மாறாமல் அந்தத் துண்டை வேறு யாருக்கோ கொடுத்தாள்.

காதில் விழுந்தால்தான் தீட்டு. யார் செத்தாலும், எங்கே செத்தாலும், தெரியாதவரை ஒன்றும் இல்லை, பூ வைக்கலாம், விளக்கேற்றலாம், கறி தின்னலாம். இந்தச் சட்டம் அவளுக்கு இப்போது ரொம்பப் பிடித்திருந்தது. கேட்காவிட்டால் கனகவேல் மதுரையில் மூன்றாம் மாடிப் படுக்கையில், கையில் ஊசியோடு, டிவியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக்கொண்டு இருப்பான். கேட்டால் போய்விடுவான். கேட்காமல் எத்தனை நாள் இருக்கலாம், ஊருக்குப் போக இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளும் பாலாடைக்கட்டி தின்னாமல் இருக்க முடியுமா. இப்படியா ஒரு பொம்பளை யோசிப்பாள். ஆனால் ஒருவேளை வேறு ஏதாவது இருந்தால், வேறு யாராவது இருந்தால், தினகரன் வகையில் ஒரு கிழவி தொண்ணூறு வயதில் திருமங்கலத்தில் இருக்கிறாள், அந்தக் கிழவியாக இருக்கட்டுமே. அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அந்தக் கிழவி கல்யாணத்தில் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தவள். இருந்தாலும் கிழவியாக இருந்தால் எதற்கு மறைக்க வேண்டும், சொல்லிவிட்டுக் குளித்திருப்பார்களே. என் பக்கத்து ஆள் என்பதால்தான் என்னிடம் மறைக்கிறார்கள். கிழவி தப்பித்தாள்.

திடலின் நடுவில் எட்டுக் கல்தூண்களின் மேல் நின்றது சந்தை மண்டபம். மேலே மாடியில் ஊரின் பழைய சாமான்களை வைத்திருந்தார்கள். சட்டையில் பெயரட்டை குத்திய ஒரு பெரியவர், ஊருக்குச் சந்தை நடத்த உரிமை கொடுத்த ராஜாவின் பத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார். தோலில் எழுதியது, தொங்குகிற அரக்கு முத்திரை. மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். வேறு வேளையாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். "சாட்சி கையெழுத்து எங்க?" என்று மகளிடம் கேட்கச் சொன்னாள். பெரியவர் உற்சாகமாகி, அந்தக் காலத்தில் சாட்சிகளின் பெயரை எழுதுவதோடு சரி என்று விளக்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, உண்மையில் இது நகல், அசல் பத்திரமாக வேறு இடத்தில் இருக்கிறது என்றார். "பார்த்தேன், முத்திரை ரொம்பப் புதுசா இருக்கு" என்றாள் அவள். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. மகள் அதைக் கேட்கவே இல்லை. ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கின் நுனி சிவந்திருந்தது. அங்கே கீழே தினகரன் போனைக் காதில் வைக்காமல், முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மாதா கோயில் பக்கமாக நடந்துபோனார். பேசவில்லை, பார்க்கிறார். எதைப் பார்க்கிறார் அப்படி.

சுடரின் கல்யாணம் நினைவுக்கு வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் முத்திரையைப் பார்த்தாள், ஆனாலும் வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மண்டபத்தில், மாப்பிள்ளை தினகரனுக்குப் போட வேண்டிய மோதிரத்தைக் காணோம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம். மற்றவள் என்றால் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள். அவள் அலுவலக வழக்கப்படி கதவைச் சாத்தினாள், அறையில் இருந்தவர்கள் பேரை எழுதினாள், ஒவ்வொருத்தர் பையாகத் திறக்கச் சொன்னாள். சந்தனத்தின் முறை வந்தபோது அவள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாள் அல்லவா, அதுதான் மங்கையர்க்கரசிக்கு ருசு. பிடுங்கிப் பாயில் கொட்டினாள். சம்பந்தியம்மா பார்க்க, சமையல்காரன் பார்க்க, ஒரு சீப்பு, ஒரு மாற்று ரவிக்கை, கிழிசல் தைத்த உள்பாவாடை, நாலு சத்து மாத்திரை. அந்தக் கிழிசலை மறைக்கத்தான் பிடித்திருக்கிறாள். கனகவேல் வாசலில் நின்று பார்த்தான். தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் குறைவில்லாமல் செய்தான், சுடர் கழுத்தில் மாலை போட்டான், பட்டுக் கொடுத்தான், பிறகு பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான். மூன்றாம் நாள் மோதிரம் மங்கையர்க்கரசியுடைய பூப்பையிலேயே கிடைத்தது, காய்ந்த மல்லிகைக்குள், அவளே பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்றாள். சொன்னால் சந்தனம் ஊரெல்லாம் சொல்லுவாள், நாத்தனாரே ஒளித்து வைத்துக்கொண்டு என் மேல் பழி போட்டாள் என்பாள். தம்பி வரட்டும், அவனாகக் கேட்டால் சொல்லிக்கிடலாம் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை, ஒரு வருஷம் ஆகிவிட்டால் அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டம், இரண்டு வருஷம் ஆனால் அதைவிட. தப்பு தன் மேல் என்று தெரிந்தே ஆறு வருஷம் இருந்துவிட்டாள். யாருக்கும் தெரியாது.

கீழே இறங்கியதும் மகள் ஒரு தேநீர்க் கடைக்குள் கூட்டிப் போனாள். தாழ்ந்த கூரை, கறுத்த உத்திரங்கள், பூப்போட்ட கோப்பைகள். பன் மாதிரி ஒன்று வந்தது, அதன் மேல் வெண்ணெய்க்கும் பாலாடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று, கூடவே ஸ்ட்ராபெரி ஜாம். "ரெண்டு வாயாவது சாப்பிடும்மா. மாத்திரை போடணும்ல" என்றாள் சுடர். பிரஷர் மாத்திரை காலையிலேயே போட்டாகிவிட்டது, மகளுக்கும் தெரியும். "நீ சாப்பிடு" என்றாள் அம்மா. மகள் கத்தியால் பன்னைப் பிளந்தாள், ஜாம் தடவினாள், தட்டிலேயே வைத்துவிட்டாள். இரண்டு பேரும் சாப்பிடாமல் அந்தப் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் யாரைப் பற்றியோ குசுகுசுவென்று பேசி நிறுத்தினார்கள், நம்மைப் பற்றித்தான் என்று நினைத்தாள், பிறகு இவர்களுக்கு நம்மைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றும் நினைத்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. நாலரை மணி நேரம் கூட்டினால் ஊரில் மூன்றே முக்கால். எடுப்பதென்றால் நாலு மணி, அவர்கள் பக்கம் எப்போதும் நாலு மணிதான், அப்பாவை, அம்மாவை, பெரியப்பாவை எல்லாம் அப்படித்தான். அப்போதுதான் விளங்கியது. எடுத்து முடிக்கிற வரைக்கும் என்னை வைத்திருக்கத்தான் இந்த ஊர், இந்த மண்டபம், இந்தப் பன். எடுத்த பிறகு சொல்வார்கள். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் அவன் முகத்தைப் பார்க்காவிட்டால் பிறகு எங்கேயும் பார்க்க முடியாது. கேட்டால் போய்விடுவான் என்று பயந்தவள், கேட்காவிட்டாலும் கால் மணியில் போய்விடுவான் என்று உணர்ந்ததும் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "மாப்பிள்ளை எங்க?" என்றாள். "வந்துருவாரும்மா, கார் பார்க்கிங் டிக்கெட்..." என்று மகள் தொடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "அம்மா, இரும்மா, எங்க போற, அம்மா." கடைக்காரிக்குப் பணம் கொடுக்க மகள் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் சந்தையைக் கடந்துவிட்டாள்.

மாதா கோயிலைச் சுற்றிக் கல்லறைகள். மழையில் பேர் அழிந்துபோன பலகைக் கற்கள், நடுவே புல்லில் ஆட்கள் உட்கார்ந்து காகிதப் பையிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்றார்கள், ஒரு குழந்தை ஒரு கல்லறையின் மேல் ஏறி நின்றது, யாரும் அதட்டவில்லை. பிணத்தோடு பிணமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர். தினகரன் பின்பக்கம் ஒரு பெரிய மரத்தடி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். போனிலிருந்து சன்னமாகக் கொட்டுச் சத்தம் வந்தது. விருதுநகர்க் கொட்டுதான், அந்த அடி எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். இன்னும் பத்தடி இருக்கும்போது கால் நின்றுவிட்டது. திரும்பிப் போகலாம். கடைக்குப் போய் அந்தப் பன்னைத் தின்றுவிட்டு, மகள் சொல்லும்போது முதல் தடவையாகக் கேட்பது போல அழலாம், எல்லாருக்கும் அதுதான் சௌகரியம். அவள் திரும்பவில்லை.

"எடுத்துட்டாகளா மாப்பிள்ளை?"

தினகரன் துள்ளி எழுந்து போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவளைப் பார்த்தார், பிறகு மறைத்துப் பிரயோஜனமில்லை என்று புரிந்துகொண்டார். "இன்னும் இல்ல அத்தை" என்றார்.

அவ்வளவுதான், காதில் விழுந்துவிட்டது. அவள் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப?" "விடியக்காலம், நம்ம ஊர் நேரத்துக்கு அஞ்சு மணி. பிளேன் ஏறினாலும் போய்ச் சேர முடியாது அத்தை, உங்களுக்கு பிரஷர் வேற. முடிஞ்சப்புறம் பக்குவமாச் சொல்லலாம்னு சுடர்தான்..." நல்ல பிள்ளை, இவரைப் போய்க் காலையிலிருந்து எத்தனை விதமாக நினைத்தேன். "காட்டுங்க" என்று கையை நீட்டினாள். போட்டோக்காரன் யாரையோ வைத்து நேரலை போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் கூட்டம், மாலை, ஊதுபத்திப் புகை, தலைவிரி கோலமாகச் சந்தனம். படம் அசைந்து அசைந்து கிட்டே போனது. கனகவேல். தாடையைக் கட்டியிருந்தார்கள், நெற்றியில் திருநீற்றின் நடுவே ஒற்றை நாணயம், எவ்வளவு மெலிந்துவிட்டான், மூக்கு மட்டும் அப்பா மூக்காக அப்படியே இருந்தது. ஆறு வருஷமாக எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தேடியவளுக்கு இப்போது தேட வேண்டியிருக்கவில்லை.

"கனகு, மோதிரம் அப்பவே கிடைச்சிருச்சுடா. மூணாம் நாளே. என் பையிலதான் இருந்துச்சு, நான்தான் வச்சேன், மறந்துட்டேன். சந்தனம் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சொல்லல. கேக்குதாடா?"

புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தினகரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அத்தை, நாம பேசுறது அங்க கேக்காது. இது பார்க்கிறதுக்கு மட்டும்தான்."

பின்னால் மகள் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள். ஈரம் காயாத தலை கலைந்து முகமெல்லாம் அப்பியிருந்தது. அம்மா சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமாவுக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மோதிரம் கிடைச்சது. மறுவீட்டுக்கு வந்தப்ப உன் பீரோவில பார்த்தேன். அன்னைக்கே மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். சந்தனம் அத்தைகிட்டயும் சொன்னேன்."

மங்கையர்க்கரசி மகளைப் பார்த்தாள். ஆறு வருஷம். இந்த மூஞ்சியில் ஒரு நாளும் ஒன்றும் தெரியவில்லையே, ஊரார் பொய்யை எல்லாம் பிடித்தவளுக்கு. "அவன் என்னடி சொன்னான்?"

"'அக்காளே வந்து சொல்லுவா, நீ சொன்னதாக் காட்டிக்கிடாத'ன்னாரு. எப்பப் பேசினாலும் கேப்பாரும்மா, 'அக்கா ஏதும் சொன்னாளா'ன்னு. போன வாரம்கூடக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் இல்ல மாமான்னேன்."

திரையில் ஆட்கள் குனிந்து நாலு பக்கமும் கை கொடுத்தார்கள், கொட்டுச் சத்தம் ஏறியது. மேலே கோபுரத்தில் மணி ஒரு தடவை அடித்து அரை மணி என்றது. மங்கையர்க்கரசி இரண்டு கைகளாலும் போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, கேட்காது என்று தெரிந்தும், மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.